டர்போ வள்ளலுக்கு ஒரு வாழ்த்து

தம்பி, உன் புகழைப் பாடாமல் இனியும் இருக்க முடியாது. கைக்கு அடக்கமான விலையில் பழைய டீசல் ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கினாய். அதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் என்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டி விற்றதால் ‘தேசிய என்ஜின்’ என்றே பெயரெடுத்தது. 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. 2020-இல் பிஎஸ்-6 வந்து அது விடைபெறும் வரை எத்தனையோ டாக்சிக்காரர்கள் அதை நம்பிப் பிழைத்தார்கள். அவர்கள் கண்ணில் படாத குறை உன் கண்ணில் பட்டது. இத்தாலியப் பொறியாளர்கள் கணக்குப் போட்டு நிறுத்திய இடத்தில், கணக்கே போடாமல் நீ தொடங்கினாய். அதுவல்லவா துணிச்சல்!

முதலில் ‘ட்யூனிங் பாக்ஸ்’ என்ற சின்னப் பெட்டியை வாங்கி மாட்டினாய். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று சென்சார் சொல்வதை இடையில் புகுந்து குறைத்துச் சொல்வதே அதன் வேலை. அதை நம்பி ஈசியூ என்ற என்ஜின் கணினி அழுத்தத்தை ஏற்றும். டீசல் கூடுதலாகப் பாயும். நாங்களெல்லாம் பொய்யை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டு பின்தங்கிவிட்டோம். நீ அதற்கு ஒயரிங்கே போட்டுவிட்டாய். போதாதென்று டர்போவின் ஆக்சுவேட்டர் கம்பியையும் இரண்டு சுற்று இறுக்கினாய். பூஸ்ட் மீட்டர் எதற்கு? முதுகு சீட்டில் ஒட்டினால் அதுவே மீட்டர். எரிந்து தீராத டீசல் கரும்புகையாக வெளியே வந்தது. பின்னால் பைக்கில் வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உன் பெருமை மூக்கு வழியாகவே எட்டியது.

டீசல் ஏற ஏற என்ஜினுக்குள் சூடும் ஏறியது. ஒரு பிஸ்டனின் தலை உருகிப் பள்ளம் விழுந்தது. வேறொருவனாக இருந்தால் பெட்டியைக் கழற்றி எறிந்திருப்பான். நீயோ, ‘ஃபுல்லா இறக்கி ஸ்ட்ராங்கா கட்டிடலாம்ணே’ என்றாய். அங்கேதான் உன் சிக்கனம் கொடிகட்டிப் பறந்தது.

கிராங்க் பேரிங் போடும்போது மெக்கானிக் அண்ணன் பிளாஸ்டிகேஜ் வாங்கி வரச் சொன்னார். மெல்லிய பிளாஸ்டிக் இழை அது. ஷாஃப்டின் மேல் ஒரு துண்டை வைத்து, கேப்பை அளவுப்படி இறுக்கிக் கழற்றினால், இழை நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளியைச் சொல்லிவிடலாம். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் அந்த இடைவெளி. அதில் நிற்கும் ஆயில் படலம்தான் ஷாஃப்டும் பேரிங்கும் உரசாமல் காக்கிறது. நீ கட்டைவிரலால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்து, ‘கரெக்டா இருக்குண்ணே’ என்றாய். மைக்ரோமீட்டர் செய்து பிழைப்பவர்கள் உன்னைப் பார்த்து வேறு தொழில் தேட வேண்டியதுதான்.

ஹெட் போல்ட்டை ஒரு முறை இறுக்கினால் அது இழுபட்டுவிடும், அடுத்த முறை புதிது போட வேண்டும் என்பார்கள். பழையதையே துடைத்து மாட்டி, டார்க் ரெஞ்ச் வாடகையையும் மிச்சம் பிடித்தாய். உன்னைக் கஞ்சன் என்று சொல்பவர்கள், ஆயில் சம்பில் நீ காஸ்கெட் பேஸ்ட் பூசியதைப் பார்க்காதவர்கள். உள்ளேயும் வெளியேயும் பிதுங்கி வழியப் பூசினாய். உள்ளே பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்தது. நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் டர்போ ஷாஃப்டுக்கு ஆயில் போவது நின்றது. புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிய டர்போ, விசில் அடித்தபடியே விடைபெற்றது.

இப்படிச் சேர்த்த காசை நீ வீணாக்கவும் இல்லை. ‘புஸ்ஸ்’ என்று சத்தம் போடும் புளோ-ஆஃப் வால்வு வாங்கினாய். டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டிபோல் மூடித் திறக்கும் த்ராட்டில் கிடையாது. அந்த வால்வுக்கு அங்கே வேலையும் கிடையாது. வேலையில்லாததற்கும் வாழ்வு கொடுக்கும் உள்ளம் உனக்கு! கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்களைச் சொல்லப் போனால் இடம் போதாது.

அரசாங்கத்தையும் நீ மறக்கவில்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உன் வண்டியில் உள்ள மாற்றங்களை எண்ணினால் கஜானாவுக்கு நீ செய்யக் காத்திருக்கும் தொண்டு விளங்கும்.

அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன என்று தொண்டைமானிடம் ஔவை சொன்னது அவன் வீரத்துக்குப் பெருமை. உன் காரும் பட்டறையிலேதான் கிடக்கிறது. போருக்குப் போகாமலே அந்தப் பெருமையைப் பெற்றவன் நீ ஒருவன்தான்.

உன் வழியில் வர நினைக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பேரிங் இடைவெளி அளப்பது, புது ஹெட் போல்ட் போடுவது, ஆயில் பைப்பைக் கழற்றிக் கழுவுவது, தெரிந்தவரிடம் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி ட்யூன் செய்வது என்று வீண்செலவில் இறங்கிவிடாதீர்கள். அப்புறம் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பட்டறையில் உட்கார்ந்து டீ குடிக்கும் பாக்கியம் ஆயுசுக்கும் கிடைக்காது.