ரேம் புணரியல்: ஒரு பழைய கணினியை முன்வைத்து

இரண்டு சொற்கள் சேரும்போது நடப்பதைத் தமிழ் இலக்கணம் புணர்ச்சி என்கிறது. இதற்கென்றே தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் புணரியல் என்று ஓர் இயல் உண்டு. மதர்போர்டில் அசையாமல் நிற்கும் ஸ்லாட் நிலைமொழி. கையில் பிடித்துக் கொண்டுவந்து செருகும் ரேம் வருமொழி. இவ்விரண்டின் சேர்க்கையை இலக்கண நோக்கில் ஆராய்ந்த நூல் எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் பட்டதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. தலைப்பைப் பார்த்து வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த இடத்திலேயே விடைபெறலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணினி 2009இல் அசெம்பிள் செய்தது. கூடத்தில், தையல் மெஷினுக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஸ்லாட் இரண்டு, ஒவ்வொன்றிலும் 1 ஜிபி டிடிஆர்2 ரேம். "இதைத் தூக்கிக் காயலான் கடையில் போட்டால் என்ன?" என்பது வீட்டில் பல ஆண்டுகளாக நிலவிவரும் எதிர்க் கருதுகோள். அதற்கு மறுப்பு எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று, இடமும் போதாது.

முதலில் வருமொழியின் இயல்பு. ரேம் பிறவியிலேயே மறதிக்காரன். 1968இல் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைக்கும் அடிப்படை: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் சும்மா இருக்கும்போதே கசிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று நம் முன்னோர் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மாத்திரை முடிவதற்குள் ரேம், தனக்குச் சொன்னதையெல்லாம் இன்னொருமுறை தனக்கே சொல்லிக்கொள்கிறது. இவ்வாய்வாளர் மாடிக்கு எதற்காக ஏறினோம் என்பதைப் பாதிப் படியில் மறப்பவர். எனவே மேற்கண்ட வாக்கியத்தில் ஏளனம் எதுவும் இல்லை, பொறாமைதான்.

இனி புணர்ச்சி வகைகள். ரேமைச் செருகியதும் இருபுறத்து வெள்ளைக் கிளிப்புகளும் 'டக்' என்று தாமாகவே மூடி, திரையும் வந்துவிட்டால் அது இயல்பு புணர்ச்சி. வாழை மரம் வாழைமரம் ஆவது போல. ஒன்றும் தோன்றாது, ஒன்றும் கெடாது. விகாரப் புணர்ச்சி மூன்று. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாகும்போது இரண்டிலும் இல்லாத ஒரு ஙகர ஒற்று எங்கிருந்தோ வருகிறதே, அதைப்போல ஸ்லாட்டிலும் இல்லாத, ரேமிலும் இல்லாத ஒரு நீலத்திரை வந்து நிற்பது தோன்றல். பொன் குடம் பொற்குடமாவது போல, 'வாடகை ரசீது' என்று சேமித்த கோப்பைத் திறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக இருப்பது திரிதல். மரம் வேர் சேர்ந்து மரவேராகும்போது மகரம் காணாமல் போவது போல, 2 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் கணினி 1 ஜிபி என்று காட்டுவது கெடுதல். டிடிஆர்2 ஸ்லாட்டில் டிடிஆர்3 ரேமை அழுத்திப் பார்ப்பதைப் புணர்ச்சியில் சேர்க்க முடியாது. அது திணை வழு. இரண்டுக்கும் 240 பின்கள்தான். ஆனால் ஒன்றுக்கு 1.8 வோல்ட், மற்றதற்கு 1.5. மாறிப் போகக் கூடாது என்றுதான் நடுப்பள்ளத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். என் மாப்பிள்ளை ஒருமுறை கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தோடு வாதாடிப் பார்த்தார். பள்ளம் இறங்கி வரவில்லை.

இந்தக் கணினியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலில் தெரிந்தது கெடுதல்: 1 ஜிபிதான் காட்டியது. மறுநாள் தோன்றல். சிகிச்சை குறித்து அறிஞரிடையே இரு மரபுகள் உண்டு. ஊதல் மரபினர் ரேமைக் கழற்றி, வாயருகே புல்லாங்குழல்போல் பிடித்து, 'பூ' என்று ஊதித் திரும்ப மாட்டுவர். தூசியோடு எச்சிலும் சேரும் என்பதால் இம்மரபை ஏற்பதற்கில்லை. கழற்றி மாட்டியதால் கிடைத்த பலனை ஊதியதால் வந்ததாக அவர்கள் கணக்கெழுதுகிறார்கள் என்பது என் துணிபு. ரப்பர் மரபினர் பென்சில் அழிக்கும் ரப்பரால் பின்களைத் தேய்ப்பர். இந்தப் பிசின் பென்சில் கோட்டை நன்றாக அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார். ரேமைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கம் துருப்பிடிக்காதே, பிறகு தேய்ப்பானேன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பின்களின் மேல் இருப்பது ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லாத முலாம். அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. முலாமின் நுண்துளைகள் வழியே உப்புக்காற்றும் ஈரமும் கீழே இறங்குகின்றன. மேலே தூசிப்படலம் வேறு. அதைத் தேய்த்தால் அழுக்கு போகும், கூடவே தங்கமும் கொஞ்சம் போகும். முறைப்படி செய்ய வேண்டியது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது. நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது? ரப்பர் இருந்தது. பேத்தியினுடையது. வெளிர் சிவப்பு, ஸ்ட்ராபெரி வாசனை.

"திருப்பிக் கொடுத்துடணும், தாத்தா. பாதியாக்கிடக் கூடாது" என்ற நிபந்தனையோடு கிடைத்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். பவர் பட்டனை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்தேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு என் உடம்பிலிருந்த மின்னூட்டத்தையும் இறக்கினேன். பக்கத்துக்கு 120 பின். படுக்க வைத்த கேபினெட்டின் மேல், விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் ரேமைப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில், தேங்காய் துருவும் கவனத்தோடு தேய்த்தேன். ரப்பர் முனை கறுத்தது. பின்கள் நகைக்கடை வாசல்போல் மின்னின. இவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலை என் வாழ்க்கையில் குறைவு.

மாட்டினேன். திரை வரவில்லை. நீளமாக ஒரு பீப், சற்று இடைவெளி, மறுபடி அதே பீப். இங்கும் இலக்கணம் கைகொடுத்தது. அவார்டு பயாஸில் விட்டுவிட்டு ஒலிக்கும் நெடில் ரேம் கோளாற்றைக் குறிக்கும். ஏஎம்ஐ பயாஸ் குறிலை நம்புவது. மூன்று குறில் என்றால் நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டிலேயே கோளாறு. நம்முடையது நெடில். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது விதி; இதுவோ அளபெடை அளவுக்கு இழுத்தது. அடுக்களையிலிருந்து, "குக்கர்தான்னு நினைச்சு அடுப்பை நிறுத்திட்டேன்" என்று குரல் வந்தது.

அடுத்து மாற்றி மாற்றிப் பார்க்கும் முறை. இதில் ஏமாற வழியே இல்லை. ரேம் தவறா, ஸ்லாட் தவறா என்பது தெரிந்தே தீரும். ரேம்களுக்கு அ, ஆ என்று பெயரிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாட்டினேன். அ இரண்டாம் ஸ்லாட்டில் ஓடியது. ஆவும் அங்கே ஓடியது. முதல் ஸ்லாட்டில் அவுக்கும் நெடில், ஆவுக்கும் நெடில். ஆக வருமொழிகள் குற்றமற்றவை. குற்றம் நிலைமொழியின்மேல். நேற்றுவரை நீலத்திரையோடாவது ஓடிய ஸ்லாட் இன்று தேய்த்த பிறகு ஏன் அடியோடு படுத்தது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

தெருமுனைக் கடைத் தம்பிக்குப் போன் செய்தேன். "ஸ்லாட்டு போயிடுச்சு சார். போர்டே மாத்தணும். அந்தப் போர்டு இப்ப வர்றதில்ல. புதுசா ஒண்ணு பண்ணிடலாமே" என்றார். எதிர்க் கருதுகோள் அடுக்களையில் தலைதூக்கியது.

இரண்டு வாரம் 1 ஜிபியில் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தபால்தலை பார்க்கும் லென்ஸையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு முதல் ஸ்லாட்டுக்குள் பார்த்தேன். வரிசையாக நிற்கும் ஸ்பிரிங் பின்களின் நடுவே, மூன்று நான்கு பின்களை மறைத்துக்கொண்டு ஏதோ ஒன்று கிடந்தது. பேத்தியின் வாட்டர் கலர் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளி வெளியே எடுத்தேன். கடுகளவு. வெளிர் சிவப்பு. முகர்ந்து பார்த்த பேத்தி, "என் ரப்பர்" என்றாள்.

அன்று மாலை முதல் 2 ஜிபி காட்டுகிறது. ரேமைத் தேய்க்கப்போகும் பெரியோர், அருள்கூர்ந்து திறந்த கேபினெட்டை விட்டு எழுந்து வேறு மேஜைக்குப் போய்த் தேய்க்கவும்.