புயல் பாதையில் குடித்தனம்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அங்கே வீடு பார்க்கும் வாசகர்களும், அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: கணவருக்கு ஃப்ளோரிடாவுக்கு மாற்றல். டாம்பா, ஆர்லாண்டோ, ஜாக்சன்வில் மூன்றில் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்கிறது கம்பெனி. இரண்டு பிள்ளைகள். எந்த ஊர் பத்திரம்? (நியூஜெர்சி வாசகி)

பதில்: ஊரைக் கேட்காதீர்கள், மனையைக் கேளுங்கள். பெரிய புயலொன்று டாம்பாவைக் கடைசியாக நேரடியாகத் தாக்கியது 1921-ல். நூறு வருஷமாகத் தப்பித்த ஊர் என்று பெயர். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் நூறு மைலுக்கு அப்பால் வளைகுடாவில் வடக்கே போனது. டாம்பா விரிகுடா ஆழமில்லாதது; கடல் பொங்கி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அதே இரவில், உள்ளே தள்ளி மேட்டில் இருக்கும் நியூ டாம்பா, வெஸ்லி சேப்பல் பக்கம் கடல் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் வந்த மில்டன் கொட்டிய மழை, கடலுக்குத் தொலைவான பகுதிகளிலும் தேங்கி நின்றது.

மற்ற இரண்டு ஊர்களும் விதிவிலக்கல்ல. ஆர்லாண்டோவில் 2004-ல் சார்லியின் காற்று கூரைகளைப் பிய்த்தது. 2022-ல் இயானின் மழை தெருக்களை நிரப்பியது. ஜாக்சன்வில்லில் 2017-ல் இர்மா வந்தபோது செயின்ட் ஜான்ஸ் ஆறு நகரின் நடுவுக்கே வந்தது. மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் ஆர்லாண்டோ என்பேன், கடல் உள்ளே வரும் பயம் இல்லாததால். அதுவும் ஏரியை ஒட்டாத, தெருவைவிடத் தரை உயர்ந்த வீடாக இருந்தால்.

கேள்வி: 'கேட்டகரி 1' என்றால் சின்னப் புயல்தானே? (ஆஸ்டின் வாசகர்)

பதில்: அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும், தண்ணீரைப் பற்றி வாயே திறக்காது. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இந்தப் புயல்கள் நேரடியாகப் பலிகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள். 2017-ல் ஹூஸ்டன் மூழ்கியபோது ஹார்வி புயல் அந்த நகரத்தின் மேல் கேட்டகரி 1-ஆகக்கூட இல்லை. வலுவிழந்து, நகராமல் நின்று, நாள்கணக்கில் கொட்டியது. டெக்சாஸில் நீடர்லேண்ட் என்ற ஊரில் அளந்த மழை 60 அங்குலத்துக்கும் மேல். எண்ணைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எவ்வளவு மழை, எவ்வளவு உயரத்துக்குக் கடல், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேளுங்கள்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் வீடு பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடம் அருமை, விலையும் தோது. வெள்ள மண்டலத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்கிறார் ஏஜென்ட். முன்பணம் கொடுத்துவிடலாமா? (ஹூஸ்டன் வாசகி)

பதில்: பொறுங்கள். உங்கள் கேள்விக்குத்தான் இந்த வாரம் அதிக இடம்.

ஹூஸ்டனுக்கு மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு அணைகள். 1929-லும் 1935-லும் நகரம் மூழ்கிய பிறகு, 1940-களில் கட்டியவை. மழை பெய்தால் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக நகரத்துக்குள் விடுவார்கள். மற்ற நாட்களில் அந்த நீர்த்தேக்கம் வெறும் புல்வெளியும் காடுமாகக் கிடக்கும். அணை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் நிரம்பினால் எதுவரை நிற்குமோ அந்த எல்லை முழுவதையும் அரசாங்கம் வாங்கவில்லை. வாங்காமல் விட்ட ஓரங்களில் பின்னாளில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. சென்னையில் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்: ஏரிக்குள் போட்ட மனைகள்.

ஹார்வியில் அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறி, அந்த வீடுகளுக்குள் நாள்கணக்கில் நின்றது. ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் சில மனைப்பிரிவு வரைபடங்களில், இந்த நிலம் நீர்த்தேக்கத்தின் தண்ணீரில் நீண்ட நாள் மூழ்கக்கூடும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்கியவர்களில் பலர் அந்தக் காகிதத்தை அதுவரை பார்த்ததே இல்லை. வழக்குப் போட்டார்கள், பொறுப்பு அரசாங்கத்துடையது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. அதற்காக, வீடு மூழ்கிய அன்று இரவு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியதை எந்தத் தீர்ப்பாலும் மாற்ற முடியாது.

ஏஜென்ட் சொல்கிற 'வெளியே' என்பது, வருஷத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்ற கோட்டுக்கு வெளியே என்றுதான் அர்த்தம். ஹார்வியில் ஹூஸ்டன் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. கோட்டுக்கு உள்ளே இருந்தால், முப்பது வருஷக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது மூழ்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. ஆகவே மனைப்பிரிவு வரைபடத்தைக் கவுண்டி அலுவலகத்தில் வாங்கி, பொடி எழுத்து உட்பட வாசியுங்கள். அந்த வீடு நீர்த்தேக்க எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேண்டாம், எவ்வளவு தோதான விலையானாலும். நல்ல பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. பள்ளி எல்லை பெரியது. அதற்குள்ளேயே மேடும் உண்டு, பள்ளமும் உண்டு.

கேள்வி: விற்பவர் மறைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? (பேட்டன் ரூஜ் வாசகர்)

பதில்: நல்ல மழை நாளில் ஒரு முறை போங்கள். கராஜுக்குள் சுவரின் அடிப்பாகத்தில் பெயின்ட் மட்டும் புதிதாக இருக்கிறதா? அக்கம்பக்கத்தில் ஏசி இயந்திரங்களை மேடை கட்டி உயரத்தில் வைத்திருக்கிறார்களா? அது அந்தத் தெரு பட்ட அனுபவம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இங்கே தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். "வந்ததா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். டெக்சாஸில் 2019-லிருந்தும் ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபரிலிருந்தும், வெள்ளம் பற்றிய குறிப்பிட்ட விவரங்களை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் காகிதம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: பழைய வீடு விசாலம், புது வீடு நெருக்கம். புயலுக்கு எது தாங்கும்? (ஃபோர்ட் மையர்ஸ் வாசகர்)

பதில்: ஃப்ளோரிடாவில் இதற்கு ஒரு வருஷம் சொல்லலாம்: 2002. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் பக்கத்தைத் தரைமட்டமாக்கியபோது, இடிபாடுகளைப் புரட்டியவர்கள் பார்த்தது பயங்கரம். கூரைப் பலகையில் அடித்த ஸ்டேப்பிள்கள் பல இடங்களில் கீழே இருக்கும் சட்டத்தைத் தொடவே இல்லை. வெறும் காற்றில் அடித்திருந்தார்கள். அந்தப் பாடத்திலிருந்து மாநிலம் முழுமைக்குமான கட்டட விதி 2002-ல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு என் முதல் ஓட்டு.

பழைய வீடுதான் பிடித்திருக்கிறது என்றால், டார்ச் லைட்டோடு கூரைக்கு அடியில் ஏறுங்கள். கூரைச் சட்டம் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சாய்வாக அடித்த ஆணிகள் மட்டும் தெரிந்தால், பலத்த காற்றில் கூரை கிளம்பிவிடும். சட்டத்தின் மேல் வளைத்து, இரண்டு பக்கமும் ஆணி அடித்த இரும்புப் பட்டை இருந்தால் நல்ல வீடு. நாலு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிடக் காற்றுக்குத் தாங்கும். அடுத்தது கராஜ் கதவு. அது உள்ளே வளைந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். ஜன்னலுக்குக் காசு செலவழிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பட்டை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்த்துச் சான்று கொடுத்தால் இன்சூரன்ஸ் பிரீமியமும் குறையும்.

இவ்வளவும் காற்றுக்கு. உங்கள் ஊரில் இயான் வந்தபோது கடற்கரைத் தீவில் பத்து அடிக்கு மேல் கடல் ஏறியதே, அதை இரும்புப் பட்டையால் நிறுத்த முடியாது. உயரம்தான் நிறுத்தும்.

கேள்வி: வீட்டு இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று. இனிமேல் கவலை எதற்கு? (சார்ல்ஸ்டன் வாசகர்)

பதில்: அதில் வெள்ளம் சேராது. அதற்குத் தனிப் பாலிசி. 1968-லிருந்து மத்திய அரசே நடத்தும் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் சாமான்களுக்கு 1,00,000. எடுத்த அன்றே அமலுக்கு வராது. பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் டிவியில் தெரிந்த பிறகு ஓடினால் பயனில்லை. இன்னொன்று: புயல் சேதத்துக்கு முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகை பல பாலிசிகளில் சதவீதக் கணக்கு. 4,00,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர். அந்தப் பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். பிரீமியம் எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகே வீட்டுக்கு விலை பேசுங்கள்.

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். எங்களுக்கு என்ன வந்தது? (டாம்பா வாசகி)

பதில்: கட்டடம் வீட்டுக்காரருடையது, கட்டில், கம்ப்யூட்டர், கார் உங்களுடையவை. வாடகைதாரரும் சாமான்களுக்கு வெள்ளப் பாலிசி எடுக்கலாம். இரண்டாம் மாடி கேளுங்கள். கார் நிறுத்துமிடம் பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா காகிதங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில், கதவுக்கு அருகில்.

கேள்வி: மகன் மியாமியில் இருக்கிறான். ஆறு மாதம் வந்து இருங்கள் என்கிறான். எனக்கு 71 வயது, இன்சுலின் போடுகிறேன். போகலாமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. டிசம்பரில் போய் மே கடைசியில் திரும்பினால் புயல் காலமே குறுக்கே வராது. அந்த மாதங்களில்தான் வெயிலும் இதமாக இருக்கும். ஜூனுக்கு மேல்தான் போக முடியும் என்றால், மகனிடம் ஒன்று கேளுங்கள்: கரண்ட் ஒரு வாரம் போனால் என்ன ஏற்பாடு? வயதானவர்களுக்குப் புயலைவிட அதற்கடுத்த நாட்களின் புழுக்கம் ஆபத்து. 2017-ல் இர்மா போன பிறகு, மியாமிக்குப் பக்கத்து ஊரான ஹாலிவுட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்று 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அங்கே முதியோர் இல்லங்களுக்கு ஜெனரேட்டர் கட்டாயம் ஆனது. இன்சுலினைக் குளிரில் வைக்க வழி, ஒரு மாத மருந்து கூடுதலாக, டாக்டர் சீட்டு, இவை கையில் இருக்கட்டும்.

மகன் ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட விடாதீர்கள். வீட்டைவிட்டுத் தள்ளி, வெட்டவெளியில்தான். 2020-ல் லூசியானாவில் லாரா புயலைத் தாண்டிப் பிழைத்தவர்களில் சிலர், அதற்கடுத்த நாட்களில் ஜெனரேட்டர் புகையில் குடும்பத்தோடு இறந்துபோனார்கள்.

கேள்வி: கடலே வேண்டாம், மலைப் பக்கம் போய்விட்டால்? (ஷார்லட் வாசகர்)

பதில்: ஆஷ்வில் கடலிலிருந்து இருநூறு மைலுக்கு மேல், இரண்டாயிரம் அடி உயரத்தில். 2024-ல் ஹெலீன் அங்கேதான் ஆறுகளைப் பெருக்கி ஊரைச் சிதைத்தது. குழாயில் குடிக்கும் தண்ணீர் வர நவம்பர் நடுப்பகுதி ஆனது. மலை வேண்டும் என்றால் மலை. ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கும் வேண்டாம், செங்குத்துச் சரிவின் அடிவாரமும் வேண்டாம்.

கேள்வி: வெளியேறச் சொன்னால் எவ்வளவு தூரம் போக வேண்டும்? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: தண்ணீர் வரும் இடத்திலிருந்து வராத இடத்துக்கு. பெரும்பாலும் சில பத்து மைல்களே போதும். 2005-ல் ரீட்டா வந்தபோது உங்கள் ஊரில் இருபது லட்சம் பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்து, வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள். முதியோரை ஏற்றிச் சென்ற பஸ்ஸில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். மேட்டில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். வெள்ள மண்டலம் வேறு, வெளியேறும் மண்டலம் வேறு. முன்னது இன்சூரன்ஸுக்கு, பின்னது உயிருக்கு. உங்கள் வீடு எதில் வருகிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: இவ்வளவு இருக்கும்போது குழந்தைகளை வைத்துக்கொண்டு அங்கே போகத்தான் வேண்டுமா? (கோவை வாசகர், மகளுக்காக)

பதில்: வேலை அங்கே, சொந்தபந்தம் அங்கே என்றால் போகலாம். ஃபோர்ட் மையர்ஸுக்கு வடகிழக்கே பாப்காக் ரான்ச் என்று ஒரு ஊர். கடலிலிருந்து உள்ளே, கரையைவிட உயரத்தில், மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைத்து, மழைத்தண்ணீர் வடியச் சதுப்பு நிலத்தை விட்டுவைத்துக் கட்டினார்கள். பக்கத்திலேயே சூரிய மின்நிலையம். 2022-ல் இயான் அதன் மேலேயே போனது. அங்கே கரண்ட் போகவில்லை. பள்ளமான தீவில் இருந்தவர்கள் அதே நாளில் வீட்டை இழந்தார்கள். நடுவே சில பத்து மைல்தான். மகளிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர் பார்க்கும் வீட்டின் தரை கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடிந்தால் நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: வீடு முடிவாகிவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் பத்திரப்பதிவு. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? (மொபீல் வாசகர்)

பதில்: தேதியைக் கவனியுங்கள். புயல் காலத்தின் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டித்தான். வளைகுடாவில் ஒரு புயல் உருவானால், அது போகும்வரை இன்சூரன்ஸ் கம்பெனிகள் புதுப் பாலிசி கொடுப்பதை நிறுத்திவைக்கும். பாலிசி இல்லாமல் வங்கி கடன் தராது. கடன் வராமல் சாவி வராது. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான் ஏற்றிய லாரியோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோட்டலில் நிற்க வேண்டியதுதான். பாலிசியை இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்கும் வெள்ளப் பாலிசிக்கு அந்த 30 நாள் காத்திருப்பு கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். பதிவை ஜூலைக்கே கொண்டுவர முடியுமா என்று விற்பவரிடம் நாளைக்கே பேசுங்கள்.