கழற்றிப் பார்க்கட்டும், விடுங்கள்!

ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பொறியியல், வடிவமைப்புக் கோடை முகாம்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

மகனை ரோபோட்டிக்ஸ் முகாமில் சேர்க்கலாம் என்று விசாரித்தேன். ஐந்து நாளுக்கு அவர்கள் கேட்கிற தொகை தலைசுற்ற வைக்கிறது. நல்ல முகாம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு தாய், திருப்பூர்

நோட்டீஸைப் படித்தால் தெரியாது, குப்பைத்தொட்டியைப் பார்த்தால் தெரியும். முகாம் நடக்கிற இடத்துக்கு ஒரு சாயங்காலம் போய் எட்டிப் பாருங்கள். வெட்டிப்போட்ட அட்டை, உடைந்த ஐஸ் குச்சி, கருகிய எல்.இ.டி., பாதியில் கைவிட்ட சக்கரம் எல்லாம் தொட்டியில் நிரம்பிக் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. தொட்டி பளிச்சென்று காலியாக இருந்து, மேசைமேல் இருபது பிள்ளைகளுக்கும் அச்சு அசலாக இருபது ரோபோக்கள் நின்றால், பிள்ளைகள் திருகாணி முடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யோசித்தது கிட் தயாரித்த கம்பெனி.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்கள் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்? ரம்பமும் சால்டரிங் அயர்னும் கையில் இருக்கும் நேரத்தில் ஒருவரால் ஆறேழு பேருக்கு மேல் கவனிக்க முடியாது. செய்த பொருள் வீட்டுக்கு வருமா, கடைசி நாள் கழற்றிப் பெட்டியில் போட்டு அடுத்த பேட்ச்சுக்கு வைத்துக்கொள்வார்களா? செய்தது ஓடவில்லை என்றால் யார் சரிசெய்வார்? 'கவலைப்படாதீங்க, எங்க ஸ்டாஃப் சரிபண்ணிடுவாங்க' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.

கடைசி நாள் கண்காட்சியில் எல்லாப் பிள்ளைகளின் வண்டியும் ஓடியது. என் மகள் செய்தது மட்டும் ஓடவில்லை. பணம் வீண்தானே?
— ஒரு தந்தை, ஈரோடு

அதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 'ஏம்மா ஓடல?' என்று கேளுங்கள். 'தெரியல' என்று சொன்னால் முகாம்காரர்கள்மேல் கோபப்படுங்கள். 'மோட்டார் சுத்துச்சுப்பா, வண்டியைத் தரையில் வெச்சதும் நின்னுடுச்சு' என்றால் உங்கள் பணத்துக்கு மேலேயே கற்றிருக்கிறாள்.

அப்படி நின்றிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியை. அதற்குள் ஆறு குட்டி செல்கள் வரிசையாக இருக்கின்றன. வோல்ட் கிடைக்கும், மோட்டார் இழுக்கிற அளவுக்குக் கரண்ட் கிடைக்காது. கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றும். தரையில் பாரம் ஏறியதும் மோட்டார் இன்னும் கரண்ட் கேட்கும், பேட்டரி திணறிப்போகும். எல்.இ.டி. எரிக்க அது போதும், வண்டி ஓட்டப் போதாது. நான்கு பென்சில் செல்களை ஒரு ஹோல்டரில் போட்டு மாட்டச் சொல்லுங்கள். அப்படியும் ஓடாவிட்டால் அச்சில் எங்கே உரசுகிறது என்று இருவரும் குனிந்து பாருங்கள். கண்காட்சி முடிந்தால் என்ன, வண்டி வீட்டில்தானே இருக்கிறது?

இந்த முகாம் பின்னாளில் ஜே.இ.இ.க்கு உதவுமா?
— பெயர் வேண்டாம், நாமக்கல்

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மே மாதம் மே மாதமாகவே இருக்கட்டும். தேர்வுக்காக என்றால் சேர்க்காதீர்கள்.

சான்றிதழ் தருவார்களா?
— வேலூர்

தருவார்கள். அதைவிட, பிள்ளை செய்த பொருளின் முதல் மாடல், இரண்டாவது மாடல், மூன்றாவது மாடல் மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்ன மாறியது என்பதில்தான் பிள்ளை கற்றது அத்தனையும் இருக்கிறது.

பதினொரு வயதுப் பெண் சால்டரிங் செய்யலாமா? முகாமில் செய்யச் சொல்கிறார்களாம். பயமாக இருக்கிறது.
— ஒரு பாட்டி, கும்பகோணம்

செய்யலாம் அம்மா. அடுப்பில் தோசை ஊற்றப் பழகும் வயதுதானே! கலிபோர்னியாவில் கீவர் டல்லி என்பவர் 2005இல் 'டிங்கரிங் ஸ்கூல்' என்ற கோடை முகாமைத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகள் கையில் நிஜமான ரம்பம், சுத்தியல், டிரில் எல்லாம் கொடுத்துப் பெரிய பெரிய பொருள்களைக் கட்டச் சொல்லும் முகாம் அது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று காட்டி, அதைக் கையாளக் கற்றுக்கொடுப்பது பிள்ளையைப் பொத்திவைப்பதைவிடப் பாதுகாப்பானது என்பது அவர் வாதம். நானும் அந்தக் கட்சிதான்.

உங்கள் பயமும் நியாயமானது. அதனால் இவற்றைக் கேட்டுவிடுங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த வழக்கமான சால்டர் கம்பி 183 டிகிரியில் உருகும். கருவியின் முனை அதைவிட வெகு சூடாக இருக்கும். ஆகவே கண்ணாடி கட்டாயம், கூந்தலைப் பின்னிக் கட்டியிருக்க வேண்டும், துப்பட்டா கூடாது, கருவிக்கு ஸ்டாண்டு வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், புகையை முகர்ந்தபடி குனியக் கூடாது. காரீயம் கையில் ஒட்டும், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. காரீயம் இல்லாத கம்பியும் கடையில் கிடைக்கிறது, உருகுவதற்குச் சூடு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கீழே விழும் கருவியைப் பிடிக்கக் கை நீட்டக் கூடாது என்பதை முதல் நாளே பத்துத் தடவை சொல்கிற ஆசிரியர் என்றால் தைரியமாக அனுப்புங்கள்.

3டி பிரிண்டர் இல்லாத முகாமில் சேர்ப்பது வீண் என்கிறார் என் நண்பர்.
— கோயம்புத்தூர்

நண்பரோடு சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பிள்ளையின் சின்னப் பொருளை அச்சடிக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இருபது பிள்ளைகளுக்கு நாற்பது மணி நேரம். ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி என்றால் முகாமே முப்பது மணி நேரம்தான். ஒரே ஒரு இயந்திரம் இருந்தால் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதிலும், யாரோ வரைந்த மாடலை இறக்கி அச்சடிப்பது போட்டோகாப்பி எடுப்பதற்குச் சமம்.

பிள்ளையே டிங்கர்காட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து, அச்சடித்து, 'அடடா, ஓட்டை அரை மில்லிமீட்டர் சின்னதா போச்சே' என்று திருத்தி மறுபடி அச்சடிக்க நேரம் இருந்தால் அந்த இயந்திரம் அருமையான ஆசிரியர். அந்த நேரம் இல்லாத முகாமுக்கு அட்டையும் கத்தரிக்கோலும் மேல்.

அட்டை என்றதும் இளக்காரம் வேண்டாம். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டி ஓரத்தைப் பாருங்கள்: இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்த அலைக்குழாய்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி நாற்காலி செய்தால் பெரிய ஆளே உட்காரலாம். அதே அட்டையைப் படுக்கைவாட்டில் திருப்பிச் செய்தால் கசங்கிப் படுத்துவிடும். பொருள் ஒன்றுதான், வைக்கிற திசைதான் வேறு. இதைப் பன்னிரண்டு வயதில் தன் கையால் கண்டுபிடித்த பிள்ளைக்குப் பொருள்களின் வலிமை என்ற பாடம் பின்னால் கல்லூரியில் அந்நியமாக இருக்காது.

வடிவமைப்பு என்றால் அழகாக வரைவதுதானே? என் மகனுக்கு வரையவே வராதே.
— தூத்துக்குடி

கேட்க வருமா? அதுதான் முதல் தகுதி.

ஜெய்ப்பூர் செயற்கைக்கால் தெரியுமல்லவா? இறக்குமதியான செயற்கைப் பாதத்துக்கு ஷூ போட்டாக வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார முடியாது, சம்மணமிட முடியாது, வெறுங்காலோடு ஈர வயலில் இறங்க முடியாது. நம் ஊர் விவசாயி அதை மாட்டிக்கொண்டு என்ன செய்வார்? கழற்றி மூலையில் வைத்துவிடுவார். ராம்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் அந்த மனிதர் எப்படி உட்காருகிறார், எங்கே நடக்கிறார் என்று பார்த்து, 1960களின் இறுதியில் ரப்பரை வைத்து ஒரு பாதம் செய்தார்கள். சர்மா பெரிய படிப்பு படித்தவரில்லை. பார்க்கத் தெரிந்தவர், கை வேலை தெரிந்தவர்.

நல்ல முகாம்களில் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வடிவமைப்புப் பள்ளி பரப்பிய ஒரு பயிற்சி உண்டு: எதிரில் இருப்பவரிடம் அவருடைய பர்ஸைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருக்கென்று ஒரு பர்ஸ் செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் பொருத்தம். எந்த ஜிப் முதலில் போகிறது, தண்ணீர் பாட்டில் எங்கே ஒழுகுகிறது, பஸ்ஸில் நிற்கும்போது பையை எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, தாளையும் செல்லோடேப்பையும் வைத்து ஒரு மாதிரி செய்து தோளில் மாட்டிவிட வேண்டும். 'இது இடிக்குதுடா' என்று நண்பன் சொன்னால் மறுபடி வெட்ட வேண்டும். கோணல்மாணலாக வரைந்தாலும் போதும், உங்கள் மகன் தாராளமாகச் சேரலாம்.

முகாமில் என் மகளின் குழுவில் நான்கு பையன்கள். ஐந்து நாளும் சார்ட் எழுதவும் வண்ணம் தீட்டவும்தான் விட்டார்களாம்.
— தென்காசி

இதைப் படித்து மனம் கொதிக்கிறது. பையன்கள் கெட்டவர்கள் இல்லை. கருவி யார் கையில் முதலில் போகிறதோ அங்கேயே தங்கிவிடும், 'உன் கையெழுத்து நல்லாருக்கு' என்று ஒரு பாராட்டோடு பேனா பெண் பிள்ளையிடம் வந்துவிடும். இதைத் தடுப்பது ஆசிரியரின் வேலை. கால்மணிக்கு ஒருமுறை கருவி கை மாற வேண்டும் என்று விதி வைத்தால் தீர்ந்தது. நடத்தியவர்களுக்கு இதை எழுதித் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு பெண்ணுக்காவது உதவும்.

மகளுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டை அவளுக்கே அவளுக்கென்று வாங்கிக் கொடுங்கள். சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, பக்கத்தில் உங்கள் செங்கோட்டைக்காரர்தான் என்பதையும் சொல்லுங்கள்.

எங்கள் கிராமத்தில் முகாமுக்குக் கட்டணம் கட்ட யாரிடமும் வசதியில்லை. நூலகத்தில் நாங்களே நடத்த முடியுமா?
— ஒரு நூலகர், கோவில்பட்டி அருகில்

முடியும். கோடிக்கணக்கில் செலவிடும் இடங்களில் இல்லாத ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறது: சைக்கிள் கடைக்காரர், ஆசாரி, தையல்காரர், மோட்டார் காயில் கட்டுபவர். ஒருவருக்கு ஒரு காலை நேரம் என்று கேட்டுப் பாருங்கள். 'எங்கிட்டயா?' என்று முதலில் கூச்சப்படுவார்கள். பிறகு நேரம் முடிந்தாலும் எழுந்து போக மாட்டார்கள்.

முதல் நாள் தீக்குச்சி. கோவில்பட்டியில் அதற்கா பஞ்சம்! கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமங்களுக்குப் போனபோது கைக்கொண்ட முறை இது. மருந்து வைக்காத மரக்குச்சிகளை, சைக்கிள் வால்வ் டியூப்பைத் துண்டு துண்டாக நறுக்கி இணையுங்கள். சதுரம் செய்து ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. குறுக்கே ஒரு குச்சி போட்டால் சதுரமும் நிமிர்ந்து நிற்கும். செலவு ஏறக்குறைய இல்லை. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய புத்தகங்கள் பல, இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாம் நாளிலிருந்து கழற்றும் வேலை. பழைய மிக்ஸி, பிரிண்டர், டி.வி.டி. பிளேயர், பழுதான பொம்மைக் கார் எல்லாவற்றையும் ஊரில் சேகரியுங்கள். பிரிண்டருக்குள் மோட்டார், பல்சக்கரம், வழுவழுப்பான இரும்புக் கம்பி என்று ஒரு புதையலே கிடக்கும். கழற்றத் தொடங்கும் முன் பிளக்கை வெட்டி எறிந்துவிடுங்கள், யாரும் ஆசைப்பட்டு மறுபடி செருக முடியாது. மைக்ரோவேவ் அவன், பழைய டப்பா டி.வி., யு.பி.எஸ். இவை மூன்றையும் வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். கரண்டை நிறுத்திய பிறகும் உயிரைக் குடிக்கிற மின்சாரம் உள்ளே தேங்கியிருக்கும். செல்போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். டியூப்லைட்டுக்குள் பாதரசம் உண்டு.

கழற்றிக் கற்பது புதிதில்லை. கோவை ஜி.டி. நாயுடு ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டித்தான் இயந்திரம் கற்றார். அப்படிப்பட்டவர் பின்னாளில், 1937இல், பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்தார்.

அரசுப் பள்ளியையும் கேளுங்கள். 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கானதே. அருகில் எந்தப் பள்ளியிலாவது அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால், 20 லட்ச ரூபாய் மானியத்தில் அமைக்கப்படும் அந்த அறை மே மாதத்தில் பூட்டிக் கிடக்க வேண்டுமா என்று தலைமையாசிரியரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஐஸ் குச்சியில் பாலம் கட்டினேன். மூன்று செங்கல் வைத்ததும் நடுவில் உடைந்துவிட்டது. ஏன்?
— ஏழாம் வகுப்பு மாணவி, ராமநாதபுரம்

மூன்றாவது செங்கல் வரை தாங்கியதா? கெட்டிக்காரி! உடைந்த பாலத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதை எடுத்துவைத்துப் பார். குச்சியே முறிந்திருக்கிறதா, ஒட்டிய இடம் விட்டிருக்கிறதா?

ஒட்டு விட்டிருந்தால் உன் அவசரம்தான் காரணம். குச்சியின் நுனிமேல் நுனியை வைக்காமல், ஓர் அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டு. ஃபெவிகால் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரமாக இருக்கும். துணிக்கிளிப் போட்டு ஒரு இரவு முழுக்க விடு.

குச்சி முறிந்திருந்தால் எந்த வரிசை என்று பார். பாரம் ஏறும்போது பாலத்தின் மேல்வரிசை நசுங்கும், கீழ்வரிசை இழுபடும். நசுங்குகிற குச்சி நீளமாக இருந்தால் பக்கவாட்டில் வளைந்து முறியும். அதன் நடுவில் ஒரு குறுக்குக் குச்சி கட்டி நீளத்தைப் பாதியாக்கினால், வளையாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும். இதை ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

உன் மாவட்டத்தில் பாம்பன் இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட்ட தூக்குப் பகுதியைப் படத்திலும், 2025இல் திறந்த புதுப் பாலத்தில் மேலே எழும்புகிற பகுதியை நேரிலும் பார்த்து, முக்கோணங்களை நோட்டில் வரைந்து வா. பழையது இரண்டு பக்கமும் சாய்ந்து திறந்தது, புதியது அப்படியே நேராக மேலே ஏறும். எந்தப் பாலத்தின் முக்கோணம் உன் குச்சிக்குச் சரிவரும் என்று நீயே முடிவு செய். அடுத்த பாலம் எத்தனை செங்கல் தாங்கியது, எங்கே உடைந்தது என்று மறக்காமல் எனக்கு எழுது.