பத்து வயதில் பணி ஓய்வு

கணினிக்கும் ஓய்வு வயது வேண்டாமா? வேண்டும். அந்த நியாயத்தை மைக்ரோசாஃப்ட் செய்தது. 2015 ஜூலையில் பிறந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று மாலை போட்டு வழியனுப்பி வைத்தது.

விண்டோஸ் 11-க்குத் தாராளமாக மாறலாம். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் இடம்பெற்ற பிராசஸரும் இருந்தால் போதும். இல்லாத கணினி நன்றாகத்தான் ஓடுகிறதா? ஓடுவதெல்லாம் ஒரு தகுதியா?

இந்தத் தெளிவு வீடுகளுக்கும் வர வேண்டும். பாட்டியின் ஆட்டுக்கல் இன்றும் மாவரைக்கிறது. அதில் சில்லு உண்டா? தூக்கிப் போடுங்கள். தாத்தாவின் சைக்கிளுக்குக் கடைசியாக எப்போது பாதுகாப்பு அப்டேட் வந்தது? அதில் ஏறிக் கடைக்குப் போகிறாரே, என்ன துணிச்சல்!

ஆதரவு முடிந்த விண்டோஸில் இருப்பது ஆபத்து என்று நிறுவனம் அக்கறையோடு எச்சரித்தது. அக்கறை அதோடு நிற்கவில்லை. வீட்டுக் கணினிக்காரர்கள் 30 டாலர் கட்டியும் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் பெறலாம் என்றது. ஆபத்து நல்ல பிள்ளை. காசைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அதற்குக் கொடுத்த வாய்தா 2026 அக்டோபர் 13 வரை.