அய்யா, ஒரு சீட்டு எடுங்க

மேடை மேஜிக்காரருக்குப் பெட்டி, புகை, ரம்பம், அறுபடத் தயாராக ஒரு ஆள் எல்லாம் வேண்டும். மேசை மேஜிக்காரருக்கு ஒரு சீட்டுக்கட்டும் ஆழமான கோட்டுப் பையும் போதும். பெரிய இடத்துக் கல்யாண வரவேற்பில், சூப்புக்கும் பிரியாணிக்கும் நடுவே, "சார், ஒரு நிமிஷம்..." என்று குனிந்து நிற்பவர் அவர்தான். சாருக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் பார்க்கிறார்களே, சிரித்துத்தான் ஆக வேண்டும்.

"ஐநூறு ரூபா நோட்டு ஒண்ணு குடுங்க சார்." கோடிகளை வைத்திருப்பவர் ஐநூறு வைத்திருப்பதில்லை. சார் பி.ஏ.வைப் பார்ப்பார், பி.ஏ. டிரைவரைப் பார்ப்பார், டிரைவர் பார்க்க ஆளில்லாமல் பர்ஸைத் திறப்பார். அந்த நோட்டில் சார் கம்பீரமாகக் கையெழுத்துப் போடுவார். (நோட்டில் எழுதாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டிருப்பது வேறு விஷயம்.) நோட்டு மறையும். பிறகு ஒரு எலுமிச்சம்பழம் வெளியே வரும். அதைக் கண்டதும் முகம் வெளுக்கும் அரசியல்வாதிகள் உண்டு. இது அந்தப் பழம் இல்லை என்று முதலில் சமாதானம் சொல்ல வேண்டும். பழத்தை அறுத்தால் உள்ளே நோட்டு. கைதட்டல் ஓய்ந்ததும், "ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று சார் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொள்வார். டிரைவர் அப்போதும் கைதட்டிக்கொண்டிருப்பார்.

உண்மையில் ஏமாற்றக் கஷ்டமானவர்கள் குழந்தைகள்தான். "அந்தக் கையைக் காட்டு மாமா" என்று ஒரே போடாகப் போடுவார்கள். பெரிய மனிதர்கள் அப்படியில்லை. எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசியே மேலே வந்தவர்கள். கண்ணைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், கீழே கை தன் வேலையை முடித்துவிடும். தவிர, தாம் எடுக்கும் முடிவெல்லாம் தம்முடையதே என்று நம்பிப் பழகியவர்கள். விரித்த கட்டிலிருந்து அவர்கள் 'இஷ்டப்படி' உருவும் சீட்டு, விரல் வரும் நேரம் பார்த்து விரலடியில் நகர்த்தப்பட்ட சீட்டு.

ராஜாக்களும் இதற்கு விலக்கல்ல. 1846-இல் பாரிஸ் அருகே செயின்ட் குளூ அரண்மனையில், பிரெஞ்சு அரசர் லூயி பிலிப் முன் ராபர்ட் ஹூதேன் வித்தை காட்டினார். இரவல் வாங்கிய கைக்குட்டைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்வையாளர்கள் எழுதிய சீட்டுகளில் மூன்றை உருவி, அதில் ஒன்றை அரசரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாராம். மெழுகுவர்த்தித் தண்டின் அடியில் என்றால் ரொம்பச் சுலபம். இன்வாலிட் மாளிகைக் கோபுரம் என்றால் ரொம்ப தூரம். அரசர் யோசித்து, தோட்டத்து ஆரஞ்சு மரத்தடியைச் சொன்னார். அங்கே கைக்குட்டைகளோடு பெட்டி ஏற்கெனவே இருந்தது. இதை எழுதி வைத்தவர் ஹூதேனேதான். அரசரைக் கேட்டால் தன் முடிவு என்றே சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் மேக்ஸ் மாலினி என்ற மேஜிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனவர். செனட்டர் மார்க் ஹன்னாவின் கோட்டுப் பொத்தானைப் பல்லாலேயே கடித்து எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டவைத்தார் என்பார்கள். இன்று நம் மேசை மேஜிக்காரர் பல்லோடு தலைவர் பக்கம் சாய்ந்தால், சாய்ந்த இடத்திலேயே மெய்க்காப்பாளர்கள் தரையோடு அமுக்கிவிடுவார்கள்.

அமுக்குகிறவர்தான் இவருடைய நிஜமான பயம். தலைவரின் தோளுக்குப் பின்னால், இவர் மறைக்க நினைக்கும் எல்லாம் தெரிகிற கோணத்தில், சஃபாரி சூட்டில் நிற்பார். கூட்டத்தில் முகத்தை மட்டும் பார்க்காதே, கையைப் பார் என்பதே அவருக்குப் பயிற்சி. எல்லாரும் 'ஆ' என்னும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இராது.

வித்தை முடிந்து, சமையல்கட்டுப் பக்கம் இவர் காபி குடிக்கும்போது அவர் மெதுவாக வருவார்.

"அண்ணே, வலது பைக்குள்ள போனது இஸ்பேட் ராணிதானே?"

"அய்யாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அய்யா கேக்கலையே."