மாமாவிடம் யார் சான்றிதழ் கேட்டார்கள்?

கேள்வி: ஆபரேஷன் செய்தால்தான் திருநங்கை என்கிறார் என் மாமா. திருநங்கைகளின் ஜமாத்தில் சேர்ந்தால்தான் என்கிறார் அத்தை. மனசு சொன்னாலே போதும் என்கிறாள் மகள். எது சரி?
– வாசகர், சிவகாசி

பதில்: என் ஓட்டு மகளுக்கு. 2014 ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவள் பக்கம்தான்: அவரவர் உணர்வதே பாலினம், அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கலெக்டரின் சான்றிதழ் வேண்டும் என்றது. அதன் 2020 விதிகளோ, உறுதிமொழிப் பத்திரம் போதும், உடல் பரிசோதனை வேண்டாம் என்றன. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பின் சான்றிதழில் ஆண் அல்லது பெண் என மாற்றக் கேட்டால் ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும் என்றன! (சட்டத்துக்கும் உள்ளூர ஒரு மாமா உண்டு.) உங்கள் ஊரில் திறந்து பார்த்து லைசென்ஸ் தர வேண்டியது பட்டாசு மருந்து அறைக்கு, மனுஷருக்கு அல்ல. மாமாவிடம் கேளுங்கள்: அவர் ஆண் என்பதற்கு இதுவரை யாராவது சான்று கேட்டார்களா?