துளை நீங்கிய கைப்பேசிகளும் அவற்றின் இணைப்பான்களும்: படப்பை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

பாயிரம்

கைப்பேசியின் விளிம்பில் முன்பு இருந்து இப்போது இல்லாமற்போன 3.5 மில்லிமீட்டர் துளைக்கும், அத்துளையை நம்பி வாங்கப்பட்டு இன்னும் கெடாமல் இருக்கிற ஹெட்செட்டுக்கும் இடையே நின்று சமரசம் செய்துவைக்கும் விரல்நீள ஒயரே இவ்வாய்வு நுதலிய பொருள். இதனை நூலோர் இணைப்பான் என்பர்; கடைக்காரர் கன்வெர்ட்டர் என்பர்; தொலைத்தவர் 'அந்தக் குட்டி ஒயர்' என்பர்.

ஆய்வின் எல்லை கிழக்கே மண்ணிவாக்கம், மேற்கே ஒரகடம், வடக்கே மணிமங்கலம் ஆகும். தெற்கெல்லை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை, அதனை இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதால். இவற்றுள் மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் ஒன்றெனக் கூரம் செப்பேட்டால் அறியப்படும் ஊர். அப்போரில் எவ்வகை இணைப்பான் பயன்பட்டது என்பதற்குச் செப்பேட்டில் சான்றில்லை ஆதலின், அது இங்கு மேலும் ஆராயப்படாது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பையை ஆய்வுக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் உருவாகும் கைப்பேசிகளில் கணிசமான பங்கு பொருத்தப்படும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இவ்வூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஆலைகளுக்கும் ஒரகடத்து வாகன ஆலைகளுக்கும் மூன்று ஷிஃப்டிலும் ஆளேற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் இச்சாலைகளில் ஓடுகின்றன. அப்பஸ்களில் பாட்டுக் கேட்காமல் பயணம் செய்வோர் உறங்குவோர் மட்டுமே. எனவே துளையில்லாக் கைப்பேசியைச் செய்வோரும், அதனால் இடர்ப்படுவோரும், அவ்விடரைத் தீர்க்கும் ஒயரை விற்போரும் ஒரே சாலையில் கிடைக்கும் வாய்ப்பு வேறெந்த ஆய்வாளருக்கும் எளிதில் அமையாது.

வரலாற்றியல்

துளையின் மூலம் தொலைபேசி இணைப்பகம். 1870களின் இறுதியில் எழுந்த இணைப்பகங்களில், அழைப்பவர் கம்பியை அழைக்கப்படுபவர் துளையில் செருகிப் பேச்சைச் சேர்த்துவைக்கும் வேலை முதலில் விடலைப் பையன்களுக்குத் தரப்பட்டது. அவர்கள் வாடிக்கையாளரை வாய்க்கு வந்தபடி பேசியதால் அவ்வேலை பெண்களுக்குப் போயிற்று. 1878 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் பணியேற்ற எம்மா நட் முதல் பெண் இணைப்பாளர் எனப்படுகிறார். அன்றைய 6.35 மில்லிமீட்டர் பின் கிட்டாரிலும் மேடை ஒலிபெருக்கியிலும் இன்றளவும் வாழ்கிறது. அதன் இளைத்த வடிவமான 3.5 மில்லிமீட்டர் பின், டிரான்சிஸ்டர் ரேடியோ வழியாகப் பரவி, 1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வெளிவந்தபின் உலகப் பொதுமறையாயிற்று.

கைப்பேசி இம்மறையை உடனே ஏற்கவில்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட ஆலைக்கு உரிய நோக்கியா நிறுவனமே, தன் மாடல்கள் சிலவற்றில் பாப்-போர்ட் என்னும் தனக்கு மட்டுமே உரிய அகன்ற வாயையும், வேறு சிலவற்றில் 2.5 மில்லிமீட்டர் துளையையும் வைத்து, ஊரில் கிடைக்கும் ஹெட்செட் எதுவும் நுழையாதபடி பார்த்துக்கொண்டது. ஆதலின் இணைப்பான் இக்காலத்துப் புதுமை என்பார் கூற்று பொருந்தாது. இடையில் சில ஆண்டுகள் அதற்கு வேலையில்லாமல் இருந்தது என்பதே சரி.

வேலை திரும்ப வந்த நாள் 2016 செப்டம்பர் 7. அன்று ஐஃபோன் 7 வெளியீட்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஃபில் ஷில்லர், துளையை நீக்கியதற்கான காரணங்களை அடுக்கி, அவற்றின் சாரம் 'துணிச்சல்' என்று ஒரே சொல்லில் முடித்தார். ஓப்போ, மோட்டரோலா முதலியோர் அதற்கு முன்பே துளையைக் கைவிட்டிருந்தனர். ஆயினும் அவர்கள் அதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் இல்லாதவர்களாய் இருந்தனர். துளையில்லாமையை விளம்பரத்தில் எள்ளி நகையாடிய சாம்சங், 2019இல் நோட் 10 மாடலில் தானும் துளையை நீக்கியபோது அவ்விளம்பரங்களையும் சத்தமில்லாமல் நீக்கிற்று. (ஸ்ரீபெரும்புதூரிலுள்ள சாம்சங் ஆலை டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றைச் செய்வதாகலின் இப்பழியில் அதற்குப் பங்கில்லை.)

ஆப்பிள் முதலில் குற்ற உணர்ச்சியாலோ என்னவோ பெட்டிக்குள்ளேயே ஓர் இணைப்பானை வைத்துக் கொடுத்தது. 2018இல் அதை நிறுத்திற்று. 2020இல் ஹெட்செட்டையும் சார்ஜரையும் நிறுத்திற்று. சுங்குவார்சத்திரத்தில் இயங்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019இல் ஐஃபோன் எக்ஸ்ஆர் பொருத்தத் தொடங்கியபோது துளை போய் மூன்றாண்டும் இணைப்பான் போய் ஓராண்டும் ஆகிவிட்டிருந்தன. அவ்வாலையில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். அத்தகையோர் தங்குவதற்கென 18,720 படுக்கைகளுடன் வல்லம் வடகால் சிப்காட்டில் கட்டப்பட்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. துளையில் பின்னைச் செருகும் வேலையில் தொடங்கிய தொலைபேசித் துறைப் பெண்கள், ஒன்றரை நூற்றாண்டில் துளையே இல்லாத பேசியைப் பொருத்தும் வேலைக்கு வந்துசேர்ந்தனர் என்பது வரலாற்றியலின் முடிபு.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் கோட்பாடு ஒன்று உண்டு. அதனைத் துளை அழியாமைக் கோட்பாடு என்க. துளையை யாரும் அழிக்க முடியாது. அது நிறுவனத்தின் செலவிலிருந்து வாங்கியவர் செலவுக்கும், பேசியின் விளிம்பிலிருந்து சட்டைப்பைக்கும் இடம் மாறுமேயன்றி இல்லாமற் போகாது.

வகையியல்

கைப்பேசிக்குள் பாட்டு எண்களாகக் கிடக்கிறது. காதுக்கோ எண் கேட்காது. ஏறியிறங்கும் மின்னழுத்தமாக அது மாறி, ஹெட்செட்டின் சிறு திரையை அதிரச் செய்தால்தான் ஒலியாகும். இம்மாற்றத்தைச் செய்யும் சிப்புக்கு டிஏசி என்று பெயர். துளை இருந்த காலத்தில் டிஏசி பேசிக்குள் இருந்தது. துளை போனபின் அது எங்கே இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு இருவேறு விடைகள் உண்டாக, இணைப்பானும் இருவகைப்பட்டது.

முதல்வகை சிப் இல்லாதது. இது வெறும் ஒயர். 24 தொடுமுனைகள் கொண்ட டைப்-சி வாயில், வழக்கமாகத் தரவு செல்லும் முனைகள் வழியே இடக்காது, வலக்காது ஒலிகளைப் பேசியே மாற்றி அனுப்பும். இணைப்பான் அதனை ஏந்திக் கொடுப்பதோடு சரி. இரண்டாம்வகை சிப் வைத்தது. பேசியிடமிருந்து எண்களை மட்டும் வாங்கி, பின்னின் தலைப்பகுதிக்குள் அரிசிமணிக்கும் சிறிதாக அடங்கிய டிஏசியால் தானே மாற்றிக் கொள்ளும்.

இப்பாகுபாடு ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்குப் புதிதன்று. அவ்வூரில் 1017இல் அவதரித்ததாக மரபு கூறும் இராமானுசருக்குப் பின்வந்த ஆசாரியர்கள், இறைவன் உயிரைக் காக்கையில் உயிரின் முயற்சியும் வேண்டுமா என்ற வினாவில் இரு கலையாகப் பிரிந்தனர். தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் காட்டினர். தாய் கவ்விய இடத்தில் சும்மா கிடக்கும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டினர். சிப் வைத்த இணைப்பான் மர்க்கட நியாயத்தையும், சிப் இல்லாதது மார்ஜார நியாயத்தையும் சார்ந்தன என்பது வெளிப்படை. பூனைக்குட்டியின் நிலை கவ்வும் தாய் இருக்கும்வரை பெருஞ்சுகம். கூகுள் பிக்சலும், சாம்சங் எஸ்20 முதலியனவும், 2023இல் டைப்-சிக்கு மாறிய ஐஃபோன் 15ம் கவ்வாத தாய்கள் ஆதலின், அவற்றில் சிப் இல்லாதது செருகப்பட்டால் மௌனமே பயன்.

ஒப்பியல்

இணைப்பானின் தகுதியை ஒலித்தல், ஓங்குதல், ஒடிதல், ஒளிதல் என்னும் நான்கு அளவைகளால் அளக்க வேண்டும்.

ஒலித்தலாவது, செருகியதும் பாட்டு ஹெட்செட்டில் கேட்டல். ஸ்பீக்கரில் கேட்டுப் பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தல் இதனுள் அடங்காது. கடைகளில் இருவகை இணைப்பானும் ஒரே நிறத்தில், ஒரே கொக்கியில், ஒரே மாதிரி அட்டையில் தொங்குதலின், பார்த்து வேறுபாடு அறிதல் அரிது. கடைக்காரர் தம் பேசியில் செருகிப் பாட வைத்துக் காட்டுவார். அது கவ்வும் தாய். வாங்கியவர் பேசியில் அது பாடாதபோது, 'உங்க ஃபோன்லதான் ப்ராப்ளம்' என்று கூறுவார், அதுவும் பொய்யன்று. பணம் கொடுக்கும் முன் தன் பேசியில் தானே செருகிப் பார்த்தல் என்பதே இவ்வளவையில் கண்ட ஒரே உறுதியான ஆய்வுமுறை.

ஒலித்தலின்பாற்பட்டது எஃப்எம் ரேடியோவும். துளையுள்ள பேசியில் ஹெட்செட்டின் ஒயரே ஏரியலாகவும் வேலை செய்தது. ஆகவேதான் ஒயரைச் செருகாமல் எஃப்எம் பாடியதில்லை. துளை நீங்கிய பேசிகள் பலவற்றில் ஏரியலும் உடன் நீங்கிற்று. 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், பேரிடர்க் காலத்தில் வானொலியின் தேவையைச் சுட்டி, எஃப்எம் வசதியை முடக்க வேண்டாமெனக் கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கக் கண்ட இவ்வட்டாரத்தார்க்கு அவ்வறிவுரையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஓங்குதலாவது, ஒலியளவு போதிய அளவு உயர்தல். இதில் ஒரு விந்தை காணப்படுகிறது. ஆப்பிளின் சிறிய வெள்ளை டைப்-சி இணைப்பான், ஒலிச் சுத்தத்தில் தன்னினும் பன்மடங்கு விலையுள்ள கருவிகளோடு ஒப்பிட்டுப் போற்றப்படுவது. ஆயினும் அதனை ஆண்ட்ராய்டு பேசிகள் சிலவற்றில் செருகினால், பேசியும் இணைப்பானும் ஒலியளவு குறித்து ஒத்துப்போகாமல், முழு அளவு வைத்தாலும் முணுமுணுப்பே கிடைக்கும். வீட்டில் அது போதும். வல்லக்கோட்டைத் திருப்பத்தில் கன்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு நிற்கும் பஸ்ஸில் போதாது.

ஒடிதலாவது, ஒயர் உள்ளறுதல். வட்டப் பின் துளைக்குள் நாற்புறமும் சுழல வல்லது. ஒயர் இழுபட்ட பக்கம் தானும் திரும்பி இழுப்பை வாங்கிக்கொள்ளும். டைப்-சி முனை தட்டையானதால் திரும்பாது. பேன்ட் பையில் பேசியை வைத்தவாறு ஒருவர் உட்காரும்போது தொடையின் மடிப்பு முழுவதும் அம்முனையின் கழுத்தில் இறங்கி, முதலில் இடக்காது போகும்; பின்பு பிடித்துக்கொண்டால் மட்டும் கேட்கும்; பின்பு பிடித்தாலும் கேட்காது. துணி நெய்த ஒயர், ரப்பர் ஒயரினும் சில காலம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ள வைக்கும்.

ஒளிதலாவது, காணாமற்போதல். முதல் மூன்று அளவைகளிலும் தேறிய இணைப்பான் இதில் கட்டாயம் தோற்கும். உற்பத்திக்கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடையுள்ள ஆலைகளில், வாயிலில் பேசி ஒருபுறமும் ஹெட்செட் ஒருபுறமும் ஆகும் தருணமே அதற்கு உகந்த வேளை.

பகையியல்

இணைப்பானுக்குப் பகை இரண்டு. முதற்பகை பின்னின் உள்வரிசை. மைக் உள்ள ஹெட்செட்டின் பின் நான்கு பட்டைகளை உடையது. நுனி இடக்காது, அடுத்தது வலக்காது என்பதில் வழக்கில்லை. எஞ்சிய இரண்டில் எது மைக், எது பொதுக்கம்பி என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்னும் இரு மரபுகள் மோதுகின்றன. ஒரு மரபின் ஹெட்செட்டை மறுமரபின் இணைப்பானில் செருகினால், பொதுக்கம்பி அறுபட்டு, இரு காதுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கும். பாடகர் குரல் இரு காதிலும் சம அளவாகப் பதிவாவது வழக்கமாதலின், வேறுபாடு இல்லாத அக்குரல் மறைந்துவிடும். இளையராஜாவின் வயலின்கள் தூரத்துக் கிணற்றிலிருந்து கேட்க, எஸ்.பி.பி. மட்டும் வரமாட்டார். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் அறுந்தது கூடி அவர் வருவார், விட்டால் போவார். பாட்டு முடியும்வரை பட்டனை அழுத்தியபடியே ஒரகடம் செல்வோர் இவ்வகையினர் என அறிக.

இரண்டாம் பகை சார்ஜ். இருக்கும் வாய் ஒன்று. இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸேறுகையில் சார்ஜும் வேண்டும், பாட்டும் வேண்டும். இதற்கென இரட்டை வாய் இணைப்பான் உண்டு. மலிவான இரட்டை வாய், சார்ஜ் ஏறும்போது பாட்டில் இரைச்சலையும், பாட்டு ஓடும்போது சார்ஜில் மந்தத்தையும் தந்து இரண்டையும் சமமாக நடத்தும்.

முடிபு

மேற்கண்ட ஆராய்ச்சியால், சிப் வைத்ததே எல்லாப் பேசிக்கும் பொருந்துமென்பதும், வாங்கியதை ஹெட்செட்டின் பின்னோடு இன்சுலேஷன் டேப் சுற்றி நிரந்தரமாக ஒட்டிவிடுவதே ஒளிதலைத் தடுக்கும் ஒரே வழி என்பதும் பெறப்பட்டன. அவ்வாறு ஒட்டப்பட்ட ஹெட்செட்டுக்கும், முனையிலேயே டைப்-சி வைத்து அதே கடையில் அதே கொக்கிக்கு அருகில் தொங்கும் ஹெட்செட்டுக்கும் வேறுபாடில்லை. ஆதலின் இணைப்பான்களுள் சிறந்தது, இணைப்பான் வாங்காமல் டைப்-சி ஹெட்செட் வாங்குவதே என்று இவ்வாய்வு தன் பொருளைத் தானே இழந்து முடியற்பாலது.

ஆயினும் டைப்-சி ஹெட்செட்டை வாங்கி வந்தவர், வீட்டு டிவியிலும், பழைய லேப்டாப்பிலும், அப்பாவின் பட்டன் ஃபோனிலும் அது நுழையாமை கண்டு மறுநாளே அக்கடைக்குத் திரும்புகிறார். அவருக்கென, வட்டப் பின்னில் தொடங்கி டைப்-சி வாயில் முடியும் தலைகீழ் இணைப்பான் ஒன்று தயாராக இருக்கிறது. சிப் உள்ள ஹெட்செட்டுக்கு வட்டத் துளையிலிருந்து மின்சாரம் கிடைக்காது ஆகலின் அதில் பாட்டு வருவதில்லை. விற்பனை மட்டும் நடக்கிறது. அது இவ்வாய்வின் இரண்டாம் பாகத்தில் விரித்துரைக்கப்படும்.